கோட்டுத்துண்டத்தை விகிதப்படி பிரித்தல்: புள்ளி பிழைத்தால் எங்கே பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதமும், உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதமும் நீண்ட காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு கோட்டுத்துண்டத்தைத் தரப்பட்ட விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைக் காணும் கணக்கில் பிள்ளைகள் விடும் பிழைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. செய்கையைப் படிக்காமல் விடையை மட்டும் பார்த்தாலே, எந்த வரியில் கை வழுக்கியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால்தான் இக்குறிப்பைச் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், விடை எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கோட்டுத்துண்டத்தின் இரு முனைகளை க, ச என்றும், பிரிக்கும் புள்ளியை ப என்றும் எழுதுகிறேன். விகிதம் ம : ந என்றால் கப என்ற துண்டுக்கு ம பங்கு, பச என்ற துண்டுக்கு ந பங்கு. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் திருத்தக்கூடிய காரணம் முதலில் வருகிறது. நேரத்தையோ பணத்தையோ கேட்கும் காரணம் கடைசியில் வருகிறது. ஆகவே மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வெற்றுத்தாளில் ஒரு கோடு கீறி, முனைகளுக்குப் பெயர் வைத்து, புள்ளி எந்த முனைக்குக் கிட்ட நிற்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். சின்னப் பங்கு எந்தப் பக்கமோ அந்த முனைக்குக் கிட்டத்தான் புள்ளி நிற்கும். நான் திருத்திய பிழைகளில் மிகப் பல, இந்தப் பொட்டு முன்னரே வைக்கப்பட்டிருந்தால் பிள்ளையின் கண்ணிலேயே பட்டிருக்கும். சூத்திரத்தை மனனம் செய்வதைவிட இந்தப் பழக்கத்தையே நான் வற்புறுத்துகிறேன்.

அறிகுறி 1: புள்ளி மற்ற முனைக்குக் கிட்டப் போய் நிற்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் அடிக்கடி வருவது. க(1, 2), ச(11, 7) என்ற முனைகளை இணைக்கும் துண்டத்தை 2 : 3 என்ற விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைக் கேட்டால், பாதி வகுப்பு (7, 5) என்று எழுதித் தரும். சரியான விடை (5, 4). இரண்டுமே முழுவெண்களாக வருவதால் பிள்ளைக்கு ஐயம் எழுவதில்லை. "சேர், பின்னம் வரேல்லை, அப்ப சரிதானே?" என்று ஒரு மாணவன் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. பின்னம் வராதது சரிக்குச் சான்றல்ல. அந்தக் கணக்கை எழுதியவர் எண்களை அப்படித் தெரிந்தெடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

முதற் காரணம், பெருக்கும்போது பங்குகள் இடம் மாறியிருப்பது. சரியான செய்கை இது:

எக்ஸ் ஆள்கூறு = (2 × 11 + 3 × 1) ÷ 5 = 25 ÷ 5 = 5
வை ஆள்கூறு = (2 × 7 + 3 × 2) ÷ 5 = 20 ÷ 5 = 4

க பக்கத்துப் பங்கான 2, ச முனையின் ஆள்கூற்றைப் பெருக்குகிறது. ச பக்கத்துப் பங்கான 3, க முனையின் ஆள்கூற்றைப் பெருக்குகிறது. பங்கு எதிர்முனையோடு சேருகிறது. பிள்ளைகளின் கை இயல்பாகவே பங்கைத் தன் பக்கத்து முனையோடு சேர்த்துவிடும். அப்போதுதான் (7, 5) வருகிறது.

இதைச் சோதிக்கச் சூத்திரத்தைத் திரும்ப எழுதிப் பயனில்லை, அதே பிழை திரும்ப வரும். நடந்து பார்க்க வேண்டும். க முனையில் நிற்கிறோம். ச முனைக்குப் போக எக்ஸ் திசையில் 10 அலகு, வை திசையில் 5 அலகு. மொத்தம் ஐந்து பங்கில் இரண்டு பங்கு நடந்தால் எக்ஸில் 4, வையில் 2. தொடங்கிய இடத்தோடு கூட்டினால் (5, 4). இந்தச் சோதனையில் சூத்திரத்தின் ஒரு வரிகூட வராததால், சூத்திரத்தில் விட்ட பிழை இதற்குள் ஒட்டிக்கொண்டு வராது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நம்பலாம்.

சூத்திரம் சரியாக இருந்தும் புள்ளி மாறி நின்றால், வினாவில் முனைகள் எந்த ஒழுங்கில் சொல்லப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போகிறவருக்குக் கொக்குவில் முதலில் வரும், மல்லாகம் பிறகு வரும். காங்கேசன்துறையில் ஏறுகிறவருக்கு மல்லாகம்தான் முதலில். தண்டவாளம் ஒன்றுதான், ஆனால் எங்கே ஏறினோம் என்பது ஒழுங்கை மாற்றிவிடுகிறது. "கச ஐ 2 : 3 இல்" என்பதும் "சக ஐ 2 : 3 இல்" என்பதும் அவ்வாறே வெவ்வேறு புள்ளிகள்.

அதுவும் சரியென்றால் மூன்றாவது காரணம், விகிதம் சமன்பாடாக ஒளிந்திருப்பது. "3கப = 2பச" என்று தரப்பட்டால் கப : பச = 2 : 3. எண்கள் கண்ணில் படும் ஒழுங்கிலேயே 3 : 2 என்று எழுதுவது வழக்கமான தவறு. மூன்று மடங்கு எடுத்தால்தான் மற்றதன் இரண்டு மடங்குக்கு ஈடாகிறது என்றால், கப தான் சின்னது என்று வாயால் சொல்லிப் பார்த்தால் போதும்.

அறிகுறி 2: பக்கம் சரி, தூரம் பிழை

புள்ளி எதிர்பார்த்த முனைக்குக் கிட்டத்தான் இருக்கிறது, அல்லது இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது, ஆனால் அளவு ஒத்துவரவில்லை. இங்கே அநேகமாக ஒரே காரணம்தான்: பங்குக்குப் பங்கு என்ற விகிதத்தையும், முழுமைக்குப் பங்கு என்ற பின்னத்தையும் ஒன்றாக எண்ணியது. 12 சென்ரிமீற்றர் துண்டத்தில் "மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில்" என்றால் புள்ளி 8 சென்ரிமீற்றரில். அதன் விகிதம் 2 : 1. அதை 2 : 3 என்று எழுதினால் 4.8 சென்ரிமீற்றரில் வந்து நிற்கும். வினாவில் கப : கச என்று இருக்கிறதா, கப : பச என்று இருக்கிறதா என்று எழுத்துகளை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. பரீட்சை மண்டபத்தில் அந்த ஓர் எழுத்தைத் தவறவிட்டு முழுக் கணக்கையும் இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

அறிகுறி 3: புள்ளி கோட்டிலேயே இல்லை

வரைபுத்தாளில் குறித்தால் புள்ளி கோட்டை விட்டு விலகி நிற்கும். வரைபுத்தாள் இல்லாவிட்டால், க இலிருந்து ப வரையும் ப இலிருந்து ச வரையும் நகர்வுகளைத் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும். இரு திசைகளிலும் நகர்வுகள் ஒரே விகிதத்தில் இருந்தால் மட்டுமே புள்ளி கோட்டில் இருக்கும்.

க(−3, 4), ச(7, −1), விகிதம் 3 : 2 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் ஆள்கூறு (3 × 7 + 2 × (−3)) ÷ 5 = 15 ÷ 5 = 3. வை ஆள்கூறு (3 × (−1) + 2 × 4) ÷ 5 = 5 ÷ 5 = 1. புள்ளி (3, 1). க இலிருந்து ப வரை நகர்வு 6, −3. ப இலிருந்து ச வரை 4, −2. இரண்டு திசையிலும் 3 : 2 தான், ஆகவே சரி.

இங்கே கிட்டத்தட்ட எப்போதும் மறைக்குறி (−) ஒன்று காணாமற் போயிருக்கும். 2 × (−3) ஐ 6 என்று எழுதிவிட்டால் எக்ஸ் ஆள்கூறு 27 ÷ 5 ஆகி, புள்ளி (5.4, 1) என்று கோட்டைவிட்டு ஓடிவிடும். நகர்வுகளைப் பார்த்தால் எக்ஸில் 8.4 உம் 1.6 உம், வையில் −3 உம் −2 உம். விகிதங்கள் ஒத்துவரவில்லை, எக்ஸ் வரியில்தான் கோளாறு என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. மறை எண்ணை அடைப்புக்குள் இடாமல் எழுதுகிற பிள்ளைக்கு இது வந்தே தீரும். குறி சரியாக இருந்தால், எக்ஸுக்கு ஒரு விதமாகவும் வைக்கு வேறு விதமாகவும் பங்குகளைச் சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி சரியாகவும் மறு வரி அறிகுறி 1 இல் சொன்னபடி மாறியும் இருப்பதுண்டு.

இந்தச் சோதனைகளைச் செய்தும் மூன்று நான்கு கணக்குகளில் தொடர்ந்து இதே அறிகுறி வருமானால், கோளாறு இந்தப் பாடத்தில் இல்லை. திசைகொண்ட எண்களில் இருக்கிறது. அதைப் பிள்ளை தனியே திருத்திக்கொள்வது கடினம். ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து, மறை எண்களின் கூட்டல் பெருக்கலுக்கு ஒரு வாரம் கொடுப்பது நல்லது. இந்நிலையில் இன்னும் பத்துப் பிரிபுள்ளிக் கணக்குகளைத் திணிப்பது பிள்ளையின் மனத்தைத்தான் உடைக்கும்.

அறிகுறி 4: புள்ளி முனைகளுக்கு வெளியே போய்விட்டது

முதலில், வெளியே போகத்தான் வேண்டுமா என்று வினாவைப் பார்க்க வேண்டும். "வெளிப்புறமாகப் பிரிக்கும்" என்ற சொல் இருந்தால் புள்ளி வெளியேதான் நிற்கும்.

அச்சொல் இல்லாவிட்டால், கூட்டுத்தொகை முழுவதையும் வகுக்காமல் கடைசி உறுப்பை மட்டும் வகுத்திருப்பதே முதற் காரணம். தொலைபேசியில் உள்ள கணிப்பானில் 21 − 6 ÷ 5 என்று தட்டினால் 19.8 வரும், அது −3 க்கும் 7 க்கும் நடுவே இல்லை. 21 − 6 என்ற மேல் தொகையை முதலில் முடித்து, சமன் குறியை அழுத்தி, அதன் பின் வகுத்தால் 3 வரும். உள்ளே பிரிக்கும் புள்ளியின் ஒவ்வோர் ஆள்கூறும் முனைகளின் ஆள்கூறுகளுக்கு இடைப்பட்டதாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு பார்வை ஐந்து விநாடி எடுக்காது.

வெளிப்புறப் பிரிப்பிலே புள்ளி பிழைத்த பக்கத்தில் நின்றால் வேறு கதை. க(1, 2), ச(5, 4) ஐ வெளிப்புறமாக 3 : 1 இல் பிரிக்கும் புள்ளிக்குக் கூட்டுவதற்குப் பதில் கழிக்கிறோம்: எக்ஸ் ஆள்கூறு (3 × 5 − 1 × 1) ÷ (3 − 1) = 7, வை ஆள்கூறு (3 × 4 − 1 × 2) ÷ 2 = 5. புள்ளி (7, 5), ச முனையைத் தாண்டி நிற்கிறது. விகிதம் 1 : 3 என்றால் அதே முறையில் (−1, 1) வரும், அது க முனைக்குப் பின்னால். மேலே மட்டும் கழித்துக் கீழே கூட்டிவிடுவதும், கீழே மட்டும் கழித்து மேலே கூட்டிவிடுவதும் இங்கே மலிந்த பிழைகள். இரண்டு இடத்திலும் கழித்தல்தான்.

வெளிப்புறமாக 1 : 1 என்று கேட்டால் கீழே பூச்சியம் வந்துவிடும். அப்போது கணிப்பான் பிழை காட்டுவது சரியானதே: அப்படியொரு புள்ளி இல்லை. பிள்ளைகள் இதைத் தங்கள் தவறென்று எண்ணி அழித்து அழித்து எழுதுவார்கள்; அழிக்காமல், புள்ளி இல்லை என்று காரணத்தோடு எழுத வேண்டும்.

அறிகுறி 5: கவராயத்தால் அமைத்த புள்ளி அடிமட்டத்தோடு ஒத்துவரவில்லை

இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனெனில் ஆள்கூற்றுக் கணக்கை எண்ணால் சோதித்துவிடலாம். அமைப்பில் வரும் பிழையைக் கண்ணாலும் கையாலும்தான் தேட வேண்டும்.

8 சென்ரிமீற்றர் துண்டத்தை 3 : 2 இல் பிரிப்பதை எடுத்துக்கொள்வோம். க இல் ஒரு கூர்ங்கோணத்தில் கதிர் ஒன்று கீறி, கவராயத்தை ஒரே அளவில் வைத்து அதன்மேல் ஐந்து சம அடிகள் (சம நீளத் துண்டுகள்) எடுத்து, ஐந்தாவது குறியைச் ச உடன் இணைத்து, மூன்றாவது குறியினூடாக அதற்குச் சமாந்தரம் கீறினால், அது துண்டத்தை வெட்டும் இடம் க இலிருந்து 4.8 சென்ரிமீற்றர். அடிகளின் அளவு எதுவாகவும் இருக்கலாம். சமனாக இருந்தால் போதும்.

வெட்டும் இடத்தை அளந்து பாருங்கள். அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

3.2 வந்தால் இரண்டாவது குறியினூடாகச் சமாந்தரம் கீறப்பட்டிருக்கிறது. அதாவது விகிதம் ச பக்கத்திலிருந்து எண்ணப்பட்டிருக்கிறது. 5.3 அளவில் வந்தால் மூன்றாவது குறியைச் ச உடன் இணைத்து, இரண்டாவது குறியினூடாகச் சமாந்தரம் கீறியிருப்பார்கள். 3 உம் 2 உம் வினாவில் இருப்பதால் அந்தக் குறிகளே போதும் என்று எண்ணிய பிழை இது. இணைக்க வேண்டியது எப்போதும் கடைசிக் குறியை, அதாவது பங்குகளின் கூட்டுத்தொகையை.

சரியாக 4.0 வந்தால், க இலேயே 1 என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அப்போது 5 என்று பெயரிட்ட குறி உண்மையில் நான்காவது அடி, 3 என்று பெயரிட்டது இரண்டாவது அடி; ஆகவே புள்ளி நடுப்புள்ளியில் போய் விழுகிறது. வேலிக்குக் கதியால் (வேலித் தடி) நாட்டிய எவருக்கும் இந்தப் பிழை தெரியும். 60 அடி வேலிக்கு 6 அடிக்கொரு கதியால் என்றால் இடைவெளி பத்து, கதியால் பதினொன்று. அந்த வேலியில் 2 : 3 என்ற அளவில் படலை (வேலிக் கதவு) வைக்க வேண்டுமென்றால் நான்கு இடைவெளி, அதாவது 24 அடி போக வேண்டும், நாலாவது கதியாலில் நின்றுவிட்டால் 18 அடிதான் வந்திருக்கும். இடைவெளியை எண்ண வேண்டும், கதியாலை எண்ணக் கூடாது. இப்படிச் சொன்ன பிறகு பிள்ளைகள் க இல் 0 என்று எழுதத் தொடங்குவார்கள். அதன்பின் இந்தப் பிழை வருவதில்லை.

இவற்றுள் எதுவுமில்லாமல் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் மட்டும் விலகினால் கருவியைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு பிள்ளையின் அமைப்பில் எல்லாப் படிகளும் சரியாக இருந்தும் புள்ளி 4.6 இல் நின்றது. கதிரின் மேலிருந்த அடிகளை அளந்தேன்: 2.0, 2.1, 2.1, 2.2, 2.3. கவராயத்தின் திருகாணி தளர்ந்து, தாளில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் கால்கள் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போயிருக்கின்றன. அந்தப் பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறையென்று கலங்கிப்போய் இருந்தாள். திருகாணியை இறுக்கி, பென்சிலைக் கூராக்கி, அதே அமைப்பை என் முன்னாலேயே மீண்டும் செய்தபோது புள்ளி 4.8 இல் வந்து விழுந்தது. முதல் அடியையும் கடைசி அடியையும் அடிமட்டத்தால் அளந்து ஒப்பிட்டால் இந்தக் கோளாறு உடனே வெளிப்படும்.

கருவி சரியென்றால் கதிரின் சாய்வைப் பார்க்க வேண்டும். கதிரை மிகத் தாழ்வாகக் கீறி, அடிகளையும் நீளமாக எடுத்தால், சமாந்தரக் கோடு துண்டத்தை மிகச் சிறிய கோணத்தில் வெட்டும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பென்சில் கோடு 15 பாகையில் வெட்டினால், ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளத்துக்குத் துண்டத்தோடு ஒட்டிக்கொண்டே போகும்; அதற்குள் எந்த இடம் புள்ளி என்று எவராலும் சொல்ல முடியாது. கதிரை 40, 50 பாகையில் கீறி, அடிகளின் மொத்த நீளம் துண்டத்தின் நீளத்துக்குக் கிட்ட வருமாறு எடுத்தால் வெட்டு தெளிவாக இருக்கும். கடைசியாகப் பார்க்க வேண்டியது சமாந்தரம். கண் மட்டத்தால் கீறியிருந்தால் மூலைமட்டத்தை அடிமட்டத்தின்மேல் வழுக்கி மீண்டும் கீற வேண்டும். வழுக்கும்போது அடிமட்டத்தை மற்றக் கையின் இரண்டு விரல்களால் இரு இடங்களில் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒரு விரலால் பிடித்தால் அது திரும்பிவிடும்.

அறிகுறி 6: பலகையில் அடையாளமிட்ட இடம் பிழைக்கிறது

தச்சு வேலை செய்பவர்கள் அகலத்தைக் கணக்கிடாமலே பிரிக்கும் அழகான முறையொன்றை வைத்திருக்கிறார்கள். எட்டேகால் அங்குல அகலப் பலகையை 2 : 3 இல் பிரிக்க வேண்டும் என்றால், அளவு நாடாவைச் சாய்த்து, ஒரு விளிம்பில் 0 உம் மறு விளிம்பில் 10 உம் வருமாறு வைத்து, 4 இல் அடையாளமிட்டால் முடிந்தது. சாய்வு என்னவாக இருந்தாலும் விகிதம் மாறாது.

அடையாளம் பிழைத்தால் முதலில் நாடாவின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். நாடாவின் நுனிக் கொக்கி சிறிது அசையும் என்பதால் பலர் 1 அங்குலக் கோட்டிலிருந்து அளப்பார்கள். அப்படியானால் மறு விளிம்பில் 11 இருக்க வேண்டும், அடையாளம் 5 இல் இருக்க வேண்டும். மறு விளிம்பில் 11 ஐ நினைவாக வைத்துவிட்டு, அடையாளத்தை மட்டும் பழையபடி 4 இல் இட்டால், 3.3 அங்குலத்தில் இருக்க வேண்டிய கோடு ஏறத்தாழ இரண்டரை அங்குலத்தில் வந்துவிடும். அறுத்த பலகையை ஒட்ட முடியாது.

இரு விளிம்புகளும் சமாந்தரமாக இல்லாத பலகைக்கு இந்த முறை பொருந்தாது. இரு அந்தங்களிலும் அகலத்தைக் குறுக்கே நேராக அளந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் இரண்டு பங்கெடுத்து அடையாளமிட்டு, நூல் அடிக்க வேண்டும். விலை கூடிய முதிரைப் பலகை என்றால் கை பழகாதவர் இங்கேயே நிறுத்தி, தச்சரிடம் கொடுத்துவிடுவது மலிவு.

அறிகுறி 7: விகிதத்தைக் கண்டால் இரண்டு வேறு விடைகள் வருகின்றன

புள்ளி தரப்பட்டு விகிதம் கேட்கப்படும்போது, எக்ஸிலிருந்து ஒரு விகிதமும் வையிலிருந்து வேறொரு விகிதமும் வந்தால், தரப்பட்ட புள்ளி கோட்டில் இல்லை அல்லது ஓர் எண்ணைப் பார்த்தெழுதும்போது பிழைத்திருக்கிறது. வினாத்தாளோடு எண்களை ஒப்பிட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரு முனைகளின் எக்ஸ் ஆள்கூறும் ஒன்றாக இருந்தால் எக்ஸிலிருந்து எதுவும் கிடைக்காது. வையை மட்டும் எடுக்க வேண்டும்.

அச்சு எந்த விகிதத்தில் வெட்டுகிறது என்ற வினாவுக்கு, விகிதத்தை த : 1 என்று எடுத்துத் தீர்ப்பது வழக்கம். க(−4, 1), ச(6, 6) ஐ வை அச்சு வெட்டும் இடத்தில் (6த − 4) ÷ (த + 1) = 0; ஆகவே த = 2/3, விகிதம் 2 : 3, புள்ளி (0, 3). அச்சிலிருந்து முனைகளின் தூரங்கள் 4 உம் 6 உம் என்பதைப் பார்த்தாலே 2 : 3 என்று தெரிந்துவிடும், செய்கையில் வந்த விடை இதற்கு மாறாக இருந்தால் செய்கையைத்தான் ஐயுற வேண்டும். த மறை எண்ணாக வந்தால் பயப்படத் தேவையில்லை, புள்ளி வெளியே இருக்கிறது என்று பொருள்.

உயர்தரத்தில் காவியால் (திசையனால்) செய்பவர்களுக்கு ஒரு சொல்: ப இன் தானக்காவியில் க, ச ஆகியவற்றின் தானக்காவிகளுக்கு வரும் குணகங்களின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்க வேண்டும். 3/5 உம் 2/5 உம் சரி. 3/5 உம் 3/5 உம் வந்தால், உற்பத்தி, அதாவது (0, 0) புள்ளி, கச கோட்டுக்கு வெளியே இருக்கும்வரை, புள்ளி கோட்டில் இல்லை.

அறிகுறி 8: புள்ளி சரியாக விழுந்தது, ஆனால் காணிப் பங்கு குறைகிறது

இதைக் கடைசியில் வைத்தது இது அரிது என்பதற்காக அன்று. விலை கூடியது என்பதற்காக.

ஒழுங்கையோரம் முகப்பு 60 அடி, பின்னெல்லை 90 அடி, இரண்டும் சமாந்தரம், ஆழம் 100 அடி என்று ஒரு காணி இருக்கிறது. பரப்பளவு 7,500 சதுர அடி. யாழ்ப்பாணத்துக் காணி அளவில் ஒரு பரப்பு பத்துப் பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி என்பதால், இது ஏறத்தாழ இரண்டேமுக்கால் பரப்பு. இதை 2 : 3 இல் இருவருக்குப் பிரிக்க வேண்டும். சின்னப் பங்குக்கு உரியது 3,000 சதுர அடி.

பக்கவாட்டு எல்லையை 2 : 3 இல் பிரித்து, முகப்புக்குச் சமாந்தரமாகக் குறுக்கே கயிறு கட்டினால், முன்பங்கின் ஆழம் 40 அடி, அதன் பின்பக்க அகலம் 72 அடி. பரப்பளவு (60 + 72) ÷ 2 × 40 = 2,640 சதுர அடி. 360 சதுர அடி, ஒன்றேகால் பேர்ச்சுக்கும் மேல், காணாமற் போய்விட்டது. எல்லையில் குறித்த புள்ளியில் எள்ளளவும் பிழையில்லை; நீளத்தின் விகிதம் பரப்பளவின் விகிதமாகும் என்று எண்ணியதுதான் பிழை.

இந்த உருவத்தில் நீளத்தின் விகிதம் பரப்பளவுக்குப் பொருந்துவது, சமாந்தரமான இரு எல்லைகளையும் ஒரே பக்கத்திலிருந்து பிரித்து இணைக்கும்போதுதான். முகப்பில் 24 அடியும் பின்னெல்லையில் 36 அடியும் எடுத்து இணைத்தால் (24 + 36) ÷ 2 × 100 = 3,000. இருவருக்கும் ஒழுங்கை முகமும் கிடைக்கும். முக்கோணக் காணியானால், ஒரு மூலையிலிருந்து எதிர் எல்லையின் பிரிபுள்ளிக்குக் கோடு இழுத்தால் பங்கு சரியாக வரும். எல்லைக்குச் சமாந்தரமாக வெட்டினால் வராது. எதிரெதிர் எல்லைகள் எவையும் சமாந்தரமாக இல்லாத காணிக்கு, இரண்டு எல்லைகளை ஒரே விகிதத்தில் பிரித்து இணைத்தாலும் பங்கு சரியாக வரும் என்ற உறுதி இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை இவ்வளவே: எல்லைகளை அளந்து, இரண்டு மூலைவிட்டங்களில் ஒன்றையாவது அளந்து, காணியை முக்கோணிகளாக்கி, ஒவ்வொரு பங்கின் பரப்பளவையும் தனித்தனியே கண்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேசி முடிக்க இந்தக் கணக்கு உதவும். அதைக்கொண்டு வேலி போடக் கூடாது. கயிறு கட்டி வேலி போட்டுவிட்டுப் பின்னர் ஒரு முழத்துக்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன உடன்பிறந்தவர்களை நான் அறிவேன்.

எல்லைகள் வளைந்திருந்தால், பங்குக் கிணறோ வழிவாய்க்கால் உரிமையோ குறுக்கே வந்தால், காணி உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) எழுதியுள்ள பரப்பளவும் தரையில் அளந்த பரப்பளவும் ஒத்துவராவிட்டால், அல்லது பங்காளர் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் பதிவுபெற்ற நில அளவையாளரை அழைக்க வேண்டும். அவரிடம் போகும்போது காணி உறுதியையும், பழைய நில அளவைப் படம் இருந்தால் அதையும், பங்காளர் எல்லோரும் ஒப்புக்கொண்ட விகிதத்தை எழுதிக் கையொப்பமிட்ட தாளையும் எடுத்துச் செல்ல வேண்டும். அந்தத் தாளில் 2 : 3 என்று மட்டும் எழுதாமல், எந்தப் பங்கு கிழக்கே, எந்தப் பங்கு மேற்கே என்றும், விகிதம் முகப்பு நீளத்துக்கா பரப்பளவுக்கா என்றும் எழுதியிருக்க வேண்டும்.